கடற்கரை மேட்டுச் செடிக்கும் ஒரு கணக்கு வேணும்

இயற்கை விவசாயத்துக்கு வந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். வயலில் இறங்கினால் பயிரை மட்டும் பார்க்க மாட்டோம். கூட முளைத்திருக்கிற களை என்ன, அதில் உட்கார்ந்திருக்கிற பூச்சி என்ன, அது நல்லது செய்கிற பூச்சியா என்று குனிந்து பார்ப்போம். நிலத்தோட நிலைமையைக் களை சொல்லும்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறோம். ஆனால் அந்தப் பார்வை நம்ம வரப்போடு நின்று போகிறது.

கடலோரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு வரப்போடு நின்றால் போதாது. வரப்புக்கு வெளியே, அலை வந்து தொடுகிற இடம் வரைக்கும் நிற்கிற செடி கொடிகள்தான் நம்ம வயலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில் எப்போது நின்றது என்று எழுதியும் வைக்க வேண்டும். இது கல்லூரிப் பிள்ளைகளின் வேலை, ஆராய்ச்சியாளர் வேலை என்று நாம் ஒதுங்கக் கூடாது. முதலில் செய்ய வேண்டியவர்கள் உழவர்கள்தான் என்பது என் கருத்து. கருவி வேறெதுவும் வாங்க வேண்டாம். சட்டைப் பையில் இருக்கிற செல்போனும் ஒரு நோட்டும் போதும்.

மேடு போனால் தண்ணீர் போச்சு

நான் விவசாயம் செய்வது வேதாரண்யம் பக்கத்து மணல் பூமியில். எங்கள் பகுதியில் மா, முல்லை, தென்னை, காய்கறி எல்லாம் விளைகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இங்கே நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். பதில் மணல் மேட்டில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை மணல் மேடு அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரை விட நல்ல தண்ணீர் கனம் குறைவு. அதனால் பூமிக்குள்ளே கடல் நீருக்கு மேலே நல்ல நீர் ஒரு திட்டாக மிதந்து நிற்கும். நிலத்தடி நீர்ப் பாடத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேட்டை வெட்டியோ, மோட்டார் போட்டு உறிஞ்சியோ மேலே 1 அடி இறக்கினால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். இடத்துக்கு இடம் மண்ணைப் பொறுத்து இது கூடும் குறையும். திசை மட்டும் மாறாது.

சரி, அந்த மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது யார்? அடம்பங்கொடியும் இராவணன் மீசையும்தான். காற்றில் பறந்து வருகிற மணலை இவை தடுத்து நிறுத்தும், மூடினால் அதற்கு மேலே வளர்ந்து வரும், கணுவுக்குக் கணு வேர் விடும். அப்படித்தான் மேடு உயர்கிறது. கொடி மணலைப் பிடிக்கிறது, மணல் தண்ணீரைப் பிடிக்கிறது, தண்ணீர் நம்ம முல்லைக் கொடியைக் காக்கிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியை நாம் "சும்மா கிடக்கிற கொடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அலையிலிருந்து வயல் வரை ஒரு நடை

செடி படிக்கப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம். கடலில் கால் நனைத்துவிட்டு நேராக வயலை நோக்கி நடங்கள். சில நூறு அடிக்குள்ளேயே செடிகள் வரிசை கட்டி மாறும்.

முதலில் வெறும் மணல். அடுத்து அடம்பு. ஊதாப் பூ, நுனியில் பிளந்த இலை. அறிவியல் பெயர் ஐபோமியா பெஸ்-காப்ரே. பெஸ்-காப்ரே என்றால் லத்தீனில் ஆட்டின் கால். குறுந்தொகையில் இதே இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு தேசத்துக்காரர்களும் இலையைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்குப் பக்கத்திலேயே இராவணன் மீசை. ஊசி ஊசியாகக் குத்துகிற புல். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்ளுப் பந்து மாதிரி இருக்கும். முற்றினதும் கழன்று காற்றில் உருண்டு ஓடிப் போய் விதை பரப்பும்.

மேட்டுக்குப் பின்புறம் இறங்கினால் காற்று குறையும். அங்கே தாழை, புன்னை, பூவரசு, பனை. பள்ளத்தில் கடல் நீர் ஏறி இறங்குகிற இடமாக இருந்தால் உமரி. இன்னும் சேறாக இருந்தால் கண்டல் மரங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் அதிகம் நிற்கிற வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியே உள்ளே வந்த உப்பை அது இலை வழியே வெளியே தள்ளுகிறது. உமரியின் வழி வேறு. அது உப்பைத் தன் தடித்த உடம்புக்குள்ளேயே சேர்த்து வைக்கும்.

ஒன்று கவனம். எல்லா இலையையும் கிள்ளி நக்கிப் பார்க்கக் கூடாது. அதே சேற்றில் தில்லை மரமும் நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரியாத செடியைப் படம் எடுங்கள், ஒடிக்காதீர்கள்.

இந்த வரிசை தெரிந்தவருக்குத் தன் வயலும் கொஞ்சம் பேச ஆரம்பிக்கும். மண்ணின் உப்பு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர் மண் என்று ஆய்வுக்கூடத்தில் எழுதுவார்கள். நெல் சுமார் 3-லேயே விளைச்சல் குறைய ஆரம்பித்துவிடும். மண் மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை போவோம்? ஆனால் போன வருஷம் வாய்க்கால் ஓரத்தில் நின்ற உமரி இந்த வருஷம் வரப்புக்கு உள்ளே பத்தடி வந்திருக்கிறது என்றால், ஆய்வு முடிவு வருவதற்கு முன்னாலேயே நிலம் தகவல் சொல்லிவிட்டது. தக்கைப்பூண்டு விதைக்கலாமா, மழைத் தண்ணீரைக் கட்டி வைத்துக் கழுவி விடலாமா என்று அப்போதே யோசிக்கலாம். இதற்கு ஒரே தேவை, போன வருஷம் உமரி எங்கே நின்றது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

பெயர் ஒன்று, செடி இரண்டு

நம்ம ஊர்ப் பெயர்கள் அருமையானவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரே பெயரில் வேறு வேறு செடிகள் இருக்கின்றன. நெருஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையோடு படர்ந்து, சின்னச் சின்னதாகப் பிரிந்த இலையும் ஐந்து இதழ் மஞ்சள் பூவும் உள்ளது சிறுநெருஞ்சி. நிமிர்ந்து, தடித்த ஒற்றை இலையும் குழல் மாதிரி மஞ்சள் பூவும் உள்ளது யானை நெருஞ்சி. இரண்டும் மணல் பூமியில் வரும், இரண்டுக்கும் முள்ளுக் காய், இரண்டையும் நெருஞ்சி என்றுதான் சொல்வோம். செடிநூல் கணக்கில் இவை ஒரே குடும்பம்கூட இல்லை. யானை நெருஞ்சியைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். சிறுநெருஞ்சி அப்படிச் செய்யாது.

உமரியும் இதே கதைதான். இலை உள்ள சுவேடாவும் உமரி. இலையே கண்ணுக்குத் தெரியாமல் கணுக் கணுவாகத் தண்டு மட்டும் நிற்கிற சாலிகார்னியா வகையும் உமரி. உப்பளம் ஓரத்தில் நான் இதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கீரை பறிக்க வந்த பெரியம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, உமரியப் போயி போட்டோ புடிக்கிற?"

"இதுல எத்தன வகைன்னு பாக்குறேன் பெரியம்மா."

"அதுக்கு ஏன் போட்டோ? எல உள்ளத அவிச்சு, தண்ணியப் புழிஞ்சு கொட்டிட்டு வதக்கணும். உப்பே போடக் கூடாது. அந்தக் கணுக் கணுவா இருக்கறத நாங்க தொடுறதில்ல."

செடிநூல்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறதை அவர் சமையல்கட்டில் பிரித்து வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் நம்ம ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற செடி எது என்று நாளைக்கு அடையாளம் காட்ட வேண்டுமானால், அந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உலகம் பூராவும் ஒன்றாக இருக்கிற ஒரு பெயர் வேண்டும். அறிவியல் பெயரின் வேலை அவ்வளவுதான். அது நம்ம பெயரை அழிக்க வந்தது இல்லை.

செல்போனில் எப்படிச் செய்வது

ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்புக்காகச் செய்த வேலை, இன்று உலகம் முழுக்கப் பொதுமக்கள் செடி, பூச்சி, பறவைகளைப் பதிகிற இடமாகிவிட்டது. கட்டணம் இல்லை. நம்ம நாட்டில் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற தளமும் இருக்கிறது. மரம் எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று பதிய சீசன்வாட்ச் இருக்கிறது. எதில் பதிந்தாலும் முறை ஒன்றுதான்.

ஒரு செடிக்கு ஒரே படம் எடுத்தால் பயன் இல்லை. முழுச் செடி நிற்கிற இடத்தோடு ஒன்று. இலை தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று ஒன்று. இலையின் அடிப்பக்கம் ஒன்று. பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காய் இருந்தால் அதுவும். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்தால் அளவு தெரியும். தேதியும் இடமும் போனில் தானாகப் பதிவாகும், அந்த வசதியை மட்டும் திறந்து வையுங்கள். நீங்கள் நட்டு வளர்த்த செடியாக இருந்தால் நட்டது என்று குறிக்க வேண்டும். தானாக முளைத்ததற்கும் நாம் வைத்ததற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கணக்கு கெட்டுப் போகும்.

படத்தைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒரு பெயரை ஊகித்துச் சொல்லும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் "ஏதோ ஒரு புல்" என்று போட்டாலும் போதும். பிறகு தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப் போனால்தான், குறைந்தது இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொன்னால்தான், அது ஆய்வுக்கு உகந்த பதிவு என்று தரம் பெறும். நம்ம ஊரில் பத்துப் பேர் ஒரு செடியைச் சுற்றி நின்று "இது அதில்லப்பா, இலையப் பாரு" என்று விவாதிப்போமே, அதே மாதிரிதான். ஒவ்வொரு விவாதத்திலும் ஒரு செடி மனதில் பதிந்துவிடும். தமிழ்ப் பெயர் இல்லாத செடிக்கு அங்கே தமிழ்ப் பெயரையும் நாமே சேர்க்கலாம்.

முக்கியமானது, ஊர் ஊராகச் சுற்றிப் புதுச் செடி தேடுவது இல்லை. ஒரே பாதையில் மாசம் ஒரு தடவை நடப்பது. சித்திரையில் உப்பு பூத்து வெளுத்துக் கிடக்கிற அதே இடத்தில் கார்த்திகையில் என்னென்ன முளைக்கிறது என்று இரண்டு வருஷம் பார்த்தவருக்கு, பத்துப் பயிற்சி முகாமில் கிடைக்காத படிப்பு கிடைக்கும்.

"எங்களுக்குத் தெரியாததா?"

இதைச் சொன்னால் நம்ம தோழர்கள் சிலர் கேட்கிறார்கள், "பரம்பரையா பார்க்கிற செடி, இதுக்கு அமெரிக்காக்காரன் செயலி எதுக்கு?" நியாயமான கேள்வி. தெரியும் என்பது உண்மைதான். ஆனால் தெரிந்தவர்களுக்கு வயது எழுபது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அடம்பு தெரியவில்லை. அதை விடப் பெரிய காரணம், தெரிந்து வைத்திருப்பது சாட்சி ஆகாது, எழுதி வைத்திருப்பதுதான் சாட்சி ஆகும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் பகுதியில்தான் கரையேறியது. தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன, பனைகள் பெரும்பாலும் நின்றன. அதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் புயலுக்கு முன்னால் எந்த மேட்டில் தாழை இருந்தது, எந்த மேட்டில் ஏற்கெனவே மொட்டையாக இருந்தது, எந்த மேட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் உப்பு ஏறவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு நினைவு. அந்தக் கணக்கு இருந்திருந்தால் மறுபடி எங்கே என்ன நடுவது என்று பேசும்போது நாம் ஊகத்தில் பேசியிருக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரம் பூராவும் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு எனக்கு எதிரி இல்லை, வருமானம் தருகிற மரம். ஆனால் அடம்பும் இராவணன் மீசையும் இருந்த முன்மேட்டில் சவுக்கை நெருக்கி நட்டால், உதிர்ந்த சருகு மணலை மூடி, அந்த இரண்டும் அற்றுப் போகிறதைப் பார்க்கிறோம். "மரம் நட்டோம்" என்று ஒரு கணக்கு இருக்கிறது. "என்ன கொடி போச்சு" என்ற கணக்கு எங்கேயும் இல்லை.

பதிவேடு யாருடையது?

இதில் சட்டமும் இருக்கிறது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் முக்கியமான வேலை. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்குப் பயந்து செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். உங்கள் ஊராட்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் ஊர்ச் செடி எத்தனை இருக்கிறது, எந்த மேட்டில் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் பதிவேடு என்று பெயர் வைத்துவிட்டு மக்கள் இல்லாமல் எழுதினால் அது காகிதம்தான்.

2019 கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை மணல் மேடு, உவர்நிலம், அலையாத்திக் காடு மூன்றையும் மிக அதிகப் பாதுகாப்பு உள்ள வகையில் வைத்திருக்கிறது. காகிதத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் அந்த மேடு "தரிசு" என்று இருந்தால்? இறால் பண்ணைக்கோ கட்டடத்துக்கோ அதைச் சமப்படுத்த வருகிறவர்களிடம் "இங்கே மேடு இருந்தது" என்று வாயால் சொல்லிப் பயன் இல்லை. மூன்று வருஷமாக மாசாமாசம் தேதியோடும் இடத்தோடும் அடம்பு, இராவணன் மீசை, தாழை என்று பதிந்து வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அது மட்டுமே வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெறும் கையோடு போவதற்கும் கணக்கோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறேன்.

எதைப் பதியலாம், எதைப் பதியக் கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேம்புக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கினார்கள். 2000-ல் அது ரத்தானது, 2005-ல் மேல்முறையீட்டிலும் ரத்து உறுதியானது. அதை மறக்கக் கூடாது. அதனால் என் யோசனை இது. செடியின் படம், பெயர், இடம், தேதி, இவற்றைப் பொதுவில் போடுங்கள். எந்த நோய்க்கு எப்படிக் கொடுப்பது என்ற பக்குவத்தைப் போடாதீர்கள். அது அந்தப் பெரியம்மாவின் சொத்து. அதை எழுதுவதா, எப்படி எழுதுவதா என்று ஊரும் அவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

அரிதான மூலிகையாக இருந்தால் இடத்தை மறைத்துப் பதிகிற வசதி செயலியில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மூட்டையோடு பிடுங்க வருகிறவருக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆகிவிடும். கோடியக்கரை மாதிரி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் போகவும் வேண்டாம். நம்ம வாய்க்கால் ஓரத்திலும் பனைமரத்து மேட்டிலும் படிக்கவே நிறைய இருக்கிறது. பதிந்ததை அவ்வப்போது இறக்கிக் கணினியிலும் நோட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். செயலி இன்றைக்கு இருக்கும், நாளைக்கு எப்படியோ. நோட்டு நம்ம கையில் இருக்கும்.

இந்த மழைக்கே தொடங்கலாம்

கடலூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நம்ம இயக்கத்து நண்பர்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் சேருங்கள். ஒருவர் செல்போன் தெரிந்த இளைஞர், ஒருவர் கீரை பறிக்கிற அல்லது மாடு மேய்க்கிற பெரியவர், ஒருவர் மீனவ நண்பர், ஒருவர் உழவர். அலையிலிருந்து வயல் வரைக்கும் ஒரு கோடு. மாசம் ஒரு நாள், காலை வேளையில், அடம்பு பூ மலர்ந்திருக்கும்போது நடங்கள். முதல் மாசம் பத்துச் செடி தெரிந்தால் போதும்.

ஒரு வருஷம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். "இது எங்க ஊர்ச் செடிக் கணக்கு, பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று தீர்மானமாக எழுதி வாங்குங்கள். நெல் விதையை மீட்டெடுத்தபோது ஒவ்வொரு ரகத்துக்கும் பெயர் வைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பினோம். கடலோரச் செடிகளுக்கும் அதே உழைப்பைக் கொடுப்போம். இவற்றுக்கு விதைத் திருவிழா நடத்த வேண்டியதில்லை. நிற்கிற இடத்தில் நிற்க விட்டு, நின்றது என்று எழுதி வைத்தால் போதும்.